அந்தப் பத்து சதவீதத்தை அடிக்கச் சொல்லாதீர்கள்

தென்னாப்பிரிக்கா, டர்பனில் உள்ள நம் தமிழ்ச் சங்க நிர்வாகிகளுக்கும், தீபாவளி விருந்துக்குப் பெயர் கொடுத்திருக்கும் குடும்பங்களுக்கும்,

வணக்கம்.

உணவகத்திலிருந்து வந்த கொட்டேஷனை வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தீர்கள். பத்து சதவீதம் சர்வீஸ் சார்ஜ் என்று கடைசிக்கு முந்தின வரியில் இருக்கிறது. அதற்குக் கீழே ஏழெட்டுப் பேர் "இதை எடுக்கச் சொல்லுங்க" என்று எழுதியிருக்கிறார்கள். இன்னும் சிலர் கட்டைவிரலைத் தூக்கியிருக்கிறார்கள். குழுவிலேயே பதில் போட்டால் காலை வணக்கப் படங்களுக்கு நடுவில் காணாமல் போய்விடும். அதனால்தான் இந்த மடல்.

முதலில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன். போன பொங்கல் விருந்தில் இதே வரியை அடிக்கச் சொன்னது நான்தான். அப்போது நான் பொருளாளர். பெரியவர்களும் பிள்ளைகளுமாக இருபத்து நாலு பேர், பில் 6,400 ரேண்ட், அதன்மேல் 640 சர்வீஸ். மேனேஜரைக் கூப்பிட்டு "இது கட்டாயமா?" என்று கேட்டேன். "கட்டாயம் இல்லை மேடம்" என்றார். அடித்துவிட்டார்கள். அடுத்த கூட்டத்தில் சங்கத்துக்கு 640 ரேண்ட் மிச்சம் பிடித்தவள் என்று கைதட்டல்கூட வாங்கினேன்.

அன்று நமக்குப் பரிமாறிய தம்பியை எத்தனை பேருக்கு நினைவிருக்கிறதோ தெரியவில்லை. நமக்காக ஐந்து மேசைகளை ஒட்டிப் போட்டிருந்தார்கள், அத்தனைக்கும் அவர் ஒருவர்தான். ஆறு மணிக்கு உட்கார்ந்த நாம் பத்து மணி வரை எழுந்திருக்கவில்லை. போனதுமே பெரியவர்களுக்குச் சுடுதண்ணீர் கேட்டோம். கொண்டு வந்தார். இன்னும் கொஞ்சம் சூடாக வேண்டும் என்றோம். எடுத்துப் போய் மறுபடி கொண்டு வந்தார். (நம் சனம் குடிக்கும் சுடுதண்ணீருக்குப் பில் போட ஆரம்பித்தால் அந்த முதலாளி இன்னொரு கிளையே திறந்துவிடலாம்.) ஒருவருக்கு வெங்காயம், பூண்டு ஆகாது. ஒரு குழந்தைக்கு மிளகுகூட இல்லாமல் சாதம் வேண்டும். ஒரு வாண்டு மாம்பழ லஸ்ஸியைக் கவிழ்த்தான். அந்தத் தம்பி மண்டியிட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் தலைக்கு மேலே நாம் அடுத்த வருட நிர்வாகக் குழுவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். அப்புறம் குரூப் போட்டோ. பதினோரு போன்களை ஒவ்வொன்றாக வாங்கி எடுத்துக் கொடுத்தார். கடைசிப் போனில் ஃபிளாஷ் வரவில்லை என்று அதில் மட்டும் திரும்ப எடுக்கச் சொன்னோம்.

வெளியே வந்து, காரைப் பார்த்துக்கொண்டவருக்கு ஐந்து ரேண்ட் கொடுத்தேன். அதை மறக்க மாட்டோம். கண்ணாடியில் கீறல் விழுந்துவிடுமோ என்ற பயம்.

ஏப்ரலில் என் மகள் ஒரு உணவகத்தில் வெயிட்டராகச் சேர்ந்தாள், உம்லாங்கா பக்கம். பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம், வார இறுதியில் மட்டும் வேலை. கறுப்பு பேன்ட், கறுப்பு ஷூ, பாட்டில் திறப்பான், பேனா எல்லாம் அவளே வாங்கிக்கொண்டு போனாள். இரண்டாவது வாரம் ஒரு சனிக்கிழமை ராத்திரி பதினொன்றரைக்குக் கூப்பிடப் போனேன். வந்து உட்கார்ந்தவள் ஒன்றும் பேசவில்லை. காருக்குள் இருக்கும் சின்ன லைட்டைப் போட்டு, பில் துண்டின் பின்பக்கத்தில் ஏதோ கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தாள். இன்றைக்கு எவ்வளவு கிடைத்தது என்று கேட்டேன்.

"கிடைக்கலம்மா. இன்னிக்கு நான்தான் இருபத்தஞ்சு ரேண்ட் கொடுத்துட்டு வர்றேன்."

எனக்குப் புரியவில்லை. வீடு வந்து சேரும் வரை விளக்கினாள். அங்கே ஒவ்வொரு வெயிட்டரும் தன் மேசைகளின் மொத்த விற்பனையில் இரண்டரை சதவீதத்தை அன்றன்றே கணக்கு முடிக்கும்போது எடுத்து வைத்துவிட வேண்டும். ஒன்றரை, பாரில் வேலை செய்கிறவர்களுக்கு. மீதி ஒன்று, சமையலறையிலிருந்து தட்டுகளைத் தூக்கி வருகிறவர்களுக்கும் பாத்திரம் கழுவுகிறவர்களுக்கும். கேட்டால் நியாயமாகத்தான் தெரிகிறது, எல்லோரும் சேர்ந்துதானே வேலை செய்கிறார்கள். ஆனால் இந்த இரண்டரையை டிப்ஸில் கணக்குப் போடுவதில்லை, விற்பனையில் போடுகிறார்கள். அன்று அவள் மேசைகளில் விற்பனை 3,200 ரேண்ட். எடுத்து வைக்க வேண்டியது 80. டிப்ஸ் வந்தது 55. பாக்கி அவள் பர்ஸிலிருந்து போயிற்று.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. பொருளாளராக இருந்தவளுக்குக் கணக்குப் போடாமல் இருக்க முடியுமா? இந்த நாட்டில் குறைந்தபட்சக் கூலி, நாம் விருந்து வைத்த 2025 ஜனவரியில் மணிக்கு 27.58 ரேண்ட். ஆறு மணி நேர ஷிப்டுக்கு 165.48. அந்தத் தம்பியின் உணவகத்திலும் இதே இரண்டரை சதவீத ஏற்பாடு இருந்தால், நம் 6,400 ரேண்ட் பில்லுக்கு அவர் எடுத்து வைத்திருக்க வேண்டியது 160. நாம் வைத்தது பூஜ்யம். அந்த ஐந்து மேசைகள்தான் அவருடைய செக்‌ஷன் முழுவதும், வேறு மேசையே அவருக்குக் கிடையாது. அப்படியானால் ஆறு மணி நேர ஷிப்டில் நமக்காக ஓடியாடிய மனிதர் வீட்டுக்குக் கொண்டு போனது ஐந்து ரேண்ட் 48 செண்ட். காரைப் பார்த்துக்கொண்டவருக்கு நான் கொடுத்ததைவிட 48 செண்ட் அதிகம். ராத்திரியில் மினிபஸ் டாக்சியும் கிடைக்காது, ஊபர் பிடிக்க வேண்டும். அதற்கு இது எந்த மூலைக்கு?

உங்களில் சிலர் என்ன சொல்வீர்கள் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் நானே சொன்னவள்தான்.

"அவங்களுக்குத்தான் சம்பளம் இருக்கே." இருக்கிறது. 2019 ஜனவரி 1 முதல் இங்கே தேசியக் குறைந்தபட்சக் கூலி நடைமுறையில் இருக்கிறது. மணிக்கு 20 ரேண்டில் ஆரம்பித்தது. 2025 மார்ச்சில் 28.79 ஆனது. டிப்ஸை அந்தக் கூலிக்குள் சேர்த்துக் கணக்குக் காட்டக் கூடாது என்றும் அந்தச் சட்டத்திலேயே இருக்கிறது. வேலை கொடுப்பதற்காகத் தொழிலாளியிடம் காசு வாங்கக் கூடாது என்று தொழிலாளர் சட்டத்தில் இன்னொரு பிரிவும் உண்டு. காகிதத்தில் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. விற்பனையில் இரண்டரை எடுப்பது அந்தப் பிரிவுக்குள் வருமா வராதா என்று வக்கீல்கள் வாதாடட்டும். தொழிலாளர் தகராறுகளைத் தீர்த்து வைக்கும் சிசிஎம்ஏவில் புகார் கொடுக்கலாமே என்று மகளிடம் சொன்னேன். கொடுக்கலாம், அடுத்த வாரப் பட்டியலில் என் பெயர் செவ்வாய்க்கிழமை மத்தியானத்துக்குப் போய்விடும் என்றாள். செவ்வாய்க்கிழமை மத்தியானம் யார் சாப்பிட வருகிறார்கள்? வேறு நாட்டிலிருந்து வந்து பெர்மிட்டை நம்பி இருப்பவர் இந்தப் பேச்சையே எடுக்க மாட்டார். பெர்மிட் என்றால் என்ன என்பது நமக்குத் தெரியாததா? உள்துறை அலுவலக வாசலில் நாமும் நின்றவர்கள்தானே.

"பில்லிலேயே பதினஞ்சு சதவீதம் போட்டுட்டானே." இதைப் போன மாதம்கூட ஒரு அண்ணன் சொன்னார். அது வாட் வரி, அண்ணா. 2018 ஏப்ரலிலிருந்து பதினைந்து சதவீதம். மெனுவில் போட்டிருக்கும் விலைக்குள்ளேயே அது அடக்கம், பில்லில் தனியாகப் பிரித்துக் காட்டுகிறார்கள், அவ்வளவுதான். அந்தக் காசு அரசாங்கத்துக்குப் போகிறது. இத்தனை வருடம் இங்கே இருந்தும், அதை வெயிட்டருக்குப் போகும் காசு என்று நினைத்துக்கொண்டு நிம்மதியாக எழுந்து போனவர்கள் நம்மில் நிறையப் பேர்.

"இந்தியாவிலேயே சர்வீஸ் சார்ஜ் கூடாதுன்னு கோர்ட் சொல்லிடுச்சு." உண்மைதான். பில்லில் தானாகச் சேர்க்கக் கூடாது என்று நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022இல் சொன்னதை டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் உறுதி செய்தது. ஆனால் அது அங்கே. நம் ஊரில் சோம்புத் தட்டில் பத்து ரூபாயை வைத்துவிட்டு வருவோம், அந்த சர்வருக்குப் பல இடங்களில் சாப்பாடும் தங்க இடமும் முதலாளி பொறுப்பு. இங்கே பத்திலிருந்து பதினைந்து சதவீதம் என்பது எல்லோருக்கும் தெரிந்த வழக்கம். அந்த வழக்கத்தை நம்பித்தான் வீட்டு வாடகையே ஓடுகிறது. எட்டுப் பேருக்கு மேல் வந்தால் பத்து சதவீதம் சேர்ப்போம் என்று மெனுவிலேயே பல இடங்களில் அச்சடித்திருக்கிறார்கள். அதைப் படித்துவிட்டுத்தானே உட்கார்கிறோம்? இன்னொரு பழக்கமும் நமக்கு இருக்கிறது. ரேண்டை மனசுக்குள் ரூபாயாக மாற்றிப் பார்த்து மலைத்துப் போவது. பிரியாணியை ரேண்டில் சாப்பிட்டுவிட்டு டிப்ஸை மட்டும் ரூபாயில் யோசிக்கிறோம்.

இங்கே வந்த புதிதில் சாட்ஸ்வொர்த்தில் ஒரு வீட்டில் வாடகைக்கு இருந்தோம். வீட்டுக்கார அங்கிள் ஓய்வு பெற்ற வெயிட்டர், கடற்கரை ஓட்டல் ஒன்றில் வேலை பார்த்தவர். 1860 முதல் இந்தியாவிலிருந்து கப்பலில் வந்து கரும்புத் தோட்டத்தில் ஒப்பந்தக் கூலியாக இறங்கியவர்களின் பேரப்பிள்ளைகள் பலர், பிற்காலத்தில் டர்பன் ஓட்டல்களில் வெள்ளை உடுப்பில் மேசைக்கு நின்றார்கள். அவரும் அப்படி ஒருவர். தமிழில் அவருக்கு வரும் வார்த்தைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம், ஆனால் சித்ரா பௌர்ணமிக் காவடியைத் தவறவிட மாட்டார். தான் பரிமாறிய கூடத்தில் தான் உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிட முடியாத காலம் அது. இனத்துக்கு ஏற்ப இடங்களைப் பிரித்து வைத்த 1953ஆம் வருடச் சட்டம் 1990 வரை போகவில்லை. தட்டோடு உள்ளே போகலாம், வெறுங்கையோடு போக முடியாது என்பார். டிப்ஸ் சில்லறையைக் காப்பி டின்னில் போட்டு வைத்துத்தான் மூன்று பெண்களைப் படிக்க வைத்தாராம்.

அவரோடு ஒருமுறை டீ குடிக்கப் போனேன். டீ ஆறிப்போய் வந்தது. அப்படியும் இருபது ரேண்டைத் தட்டுக்கு அடியில் வைத்தார். எதற்கு என்று கேட்டேன். "டீ போட்டது அவன் இல்லியே" என்றார். அப்போது எனக்கு அது வேடிக்கையாக இருந்தது.

சரி, விருந்து விஷயத்துக்கு வருகிறேன். கொட்டேஷன் தலைக்கு 290 ரேண்ட். பத்து சதவீதம் சேர்த்தால் 319. அந்த 29 ரேண்டை டிக்கெட் விலையிலேயே சேர்த்து முன்கூட்டியே வாங்கிவிடுங்கள் என்பதுதான் என் கோரிக்கை. அன்று ராத்திரி மேசையில் பிரிக்க வேண்டாம். ஏனென்றால் நாம் பில்லைப் பிரிக்கும் அழகு எனக்குத் தெரியும். "நான் ஸ்டார்ட்டர் சாப்பிடல", "எங்க வீட்ல ரெண்டு பேரும் சின்னப் பிள்ளைங்க" என்று ஆளுக்குக் கொஞ்சம் குறைத்துக்கொண்டே கார்டைத் தேய்ப்போம். கடைசியில் கார்டு மெஷினைக் கையில் பிடித்துக்கொண்டு அந்த வெயிட்டர் நிற்கும்போது மொத்தத்தில் இருநூறோ முந்நூறோ குறையும். யாரும் அவர் முகத்தைப் பார்க்க மாட்டோம். கல்யாணத்தில் மொய் எழுதும்போது ஒற்றைப்படை வர வேண்டும் என்று ஒரு ரூபாய் கூட்டி வைக்கும் சனம்தான் நாம்.

அந்தக் காசு பரிமாறுகிறவர் கைக்குப் போகிறதா, முதலாளி எடுத்துக்கொள்கிறாரா என்ற சந்தேகம் நியாயமானது. எனக்கும் உண்டு. முன்பணம் கட்டப் போகும்போது நானே அதை நேரில் கேட்கிறேன். சரியான பதில் வரவில்லை என்றால் அந்த வரியை எடுக்கச் சொல்வோம், ஆனால் அதே தொகையை நாமே கவரில் போட்டுப் பரிமாறியவர்களிடம் கையில் கொடுப்போம். சாப்பாடு சரியில்லை என்றால் மேனேஜரிடம் சண்டை போடுங்கள், நானும் பக்கத்தில் நிற்கிறேன். பரிமாறியவர் முகம் கொடுத்துப் பேசவில்லை, கேட்டதைக் கொண்டு வரவில்லை என்றால் குறைத்துக் கொடுப்பதிலும் எனக்கு ஆட்சேபம் இல்லை. டிப்ஸ் என்பது கடைசியில் நம் இஷ்டம்தான். எல்லா இடத்திலும் வைக்கவும் வேண்டாம். கவுன்டரில் நின்று கால் பன்னி சாவ் (ரொட்டியைக் குடைந்து குழம்பு ஊற்றித் தருவது) வாங்கிக்கொண்டு காரில் உட்கார்ந்து தின்பதற்கு யாரும் டிப்ஸ் எதிர்பார்ப்பதில்லை.

போன பொங்கலின் 640 ரேண்ட் இன்னும் சங்கக் கணக்கில் இருக்கிறது. அந்தத் தம்பி இன்னும் அங்கேதான் வேலை பார்க்கிறார், ஜூலையில் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். என்னை அடையாளம் கண்டுகொண்டு, கேட்பதற்கு முன்பே சுடுதண்ணீர் கொண்டு வந்து வைத்தார். அந்தப் பணத்தை அவரிடம் கொடுக்க நிர்வாகக் குழு ஒரு தீர்மானம் போட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். தாமதமாகும் என்றால் நான் கொடுத்துவிட்டு ரசீது வைக்கிறேன், பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

வெள்ளிக்கிழமைக்குள் முன்பணம் கட்ட வேண்டும். அதற்குள் பதில் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
பழைய பொருளாளர்

பி.கு.: தீபாவளி விருந்தில் சுடுதண்ணீர் வேண்டும் என்பவர்கள் இப்போதே பெயர் கொடுத்துவிடுங்கள். இரண்டு பெரிய ஃபிளாஸ்கில் நிரப்பி மேசையிலேயே வைக்கச் சொல்லிவிடுகிறேன்.