மீற்றர் விளக்கு

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் நல்ல சுகம். எங்கள் காரின் பெற்றோல் மீற்றர் விளக்குக்காக நீ ரொறன்ரோவிலிருந்து அனுப்பிய எல்ஈடி பல்ப் பத்தும் உடையாமல் வந்து சேர்ந்தன. ஆனால் ஒன்றும் எரியவில்லை. பிழை உன்னிலுமில்லை, பல்பிலுமில்லை. நான்தான் ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன்.

எங்கள் மொறிஸ் மைனர் 1958ஆம் ஆண்டுக் கார். அந்தக் காலத்து இங்கிலாந்துக் கார்களில் பற்றரியின் பிளஸ் வயரைத்தான் காரின் இரும்புக் கூட்டோடு பூட்டியிருப்பார்கள். இப்போதைய கார்களில் மைனஸ். பழைய இழை பல்புக்குக் கரண்ட் எந்தப் பக்கத்தால் வந்தாலும் சரி. நீ அனுப்பிய எல்ஈடி ஒரு பக்கத்தால் வந்தால்தான் எரியும். திருகுகிற பல்பைத் திருப்பிப் போடவும் ஏலாதே!

பிறகு ஸ்ரான்லி வீதியில் நாலு கடை ஏறி இறங்கினேன். ஒரு பெடியன் ரோச் பல்பை எடுத்து நீட்டினான். திருகு அதேதான், ஆனால் காரின் 12 வோல்டில் போட்டால் உடனே போய்விடும். கடைசியில் லூக்காஸ் 987 என்ற இழை பல்ப் கிடைத்தது, 2.2 வாட்.

பற்றரி வயரைக் கழற்றிவிட்டுத்தான் டாஷ்போட்டுக்குப் பின்னால் கை விட்டேன். ஹோல்டரை இழுத்தால் கையோடு வரும். பழைய பல்ப் இரண்டும் கறுத்துப்போயிருந்தன. புதிதைப் போட்டும் ஒன்று எரியவில்லை. ஹோல்டரின் தகரம் மீற்றரின் கூட்டில் முட்டினால்தான் அதற்கு எர்த் கிடைத்துக் கரண்ட் ஓடும். உப்புக்காற்றில் அந்த இடம் துருப்பிடித்திருந்தது. கத்தியால் சுரண்டிவிட்டேன், பிடித்துக்கொண்டது. அரை நாள் வேலை. முதுகு நோவு இரண்டு நாள்.

பெற்றோல் தடையிருந்த தொண்ணூறுகளில் இதே கார் நாலு சொட்டுப் பெற்றோலில் ஸ்ராட்டாகி மண்ணெண்ணெயில் ஓடியது உனக்கு ஞாபகம் இருக்கும். போத்தல் கணக்கில் ஊற்றியதால் அப்போது மீற்றரே தேவைப்படவில்லை. போன மாதம் பண்ணைப் பாலத்தில் இருட்டில் பெற்றோல் முடிந்து நின்றபோதுதான் அதன் அருமை தெரிந்தது. அம்மா அன்று என்ன சொன்னா என்பதை எழுத மாட்டேன்.

நேற்றிரவு வேலணைக்குப் போய் வந்தோம். திரும்பி வரும்போது, பாலத்தில் ஏற முன்னமே அம்மா எட்டி மீற்றரைப் பார்த்தா. "அரை ராங்க் கிடக்கு, ஓடுங்கோ" என்றா.

அன்புடன்,
அப்பா