அவையை வெளியே நிறுத்தும் 'நாங்கள்'

ஆசிரியருக்கு வணக்கம்.

ஏப்ரல் பிறந்தால் சிங்கப்பூரில் தமிழ்மொழி விழா, கூடவே பேச்சுப் போட்டிகள். அண்மையில் ஒரு போட்டிக்கு நடுவராகப் போயிருந்தேன். உயர்நிலை இரண்டில் படிக்கும் மாணவி ஒருத்தி உணவை வீணாக்குவதைப் பற்றிப் பேசினாள். குரல் கணீரென்று இருந்தது, உச்சரிப்பிலும் குறையில்லை, ஆனால் "நாங்கள் உணவை வீணாக்குகிறோம், நாங்கள் மாற வேண்டும்" என்றே சொல்லிக்கொண்டு போனாள். ஆங்கிலத்தில் 'நாம்', 'நாங்கள்' இரண்டுக்கும் ஒரே சொல்தான். தமிழில் எதிரே இருப்பவரையும் சேர்த்தால்தான் 'நாம்'. யாரை மனம் மாறச் சொன்னாளோ அவர்களையே அந்தப் பிள்ளை அறியாமல் வெளியே நிறுத்திவிட்டாள்.

அப்புறம் இந்த 'வேண்டும்'. ஒரு பேச்சில் 14 எண்ணினேன்! "மிச்சம் வைக்கக் கூடாது, அளவோடு எடுக்க வேண்டும்" என்றால் அது உத்தரவு. "முதலில் கொஞ்சமாகப் போட்டுக்கொள்ளலாமே, போதவில்லையென்றால் மறுபடி வாங்கலாம்தானே" என்றால் கேட்பவர் தலையசைப்பார். வீட்டில் தமிழ் புழங்கினால் இதெல்லாம் தானாக வரும். ஆனால் சிங்கப்பூர்வாசிகளில் வீட்டில் அதிகம் தமிழ் பேசுவோர் 2010இல் 3.3 விழுக்காடு, 2020 கணக்கெடுப்பில் 2.5 விழுக்காடுதான். வகுப்பில்தான் சொல்லித்தர வேண்டியிருக்கிறது, நாமோ அடுக்குமொழியை எழுதிக்கொடுத்து மனப்பாடம் செய்ய வைக்கிறோம்.

பாதியில் அவளுக்கு வரி மறந்துவிட்டது. சில விநாடி நின்றாள், பிறகு எங்களைப் பார்த்து, "எங்க வீட்டுல பாட்டி அரிசிய அளந்துதான் போடுவாங்க, ஒரு பருக்கை கீழ விழுந்தாலும் எடுத்துருவாங்க, உங்க வீட்டுல நேத்து எவ்வளவு சோறு குப்பைக்குப் போச்சு?" என்றாள். அரங்கமே அடங்கிவிட்டது. கடைசி வரிசையில் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கூட நிமிர்ந்தார். அன்று முழுவதும் அவையை அசைத்த பேச்சு அது ஒன்றுதான். என் பக்கத்திலிருந்த நடுவரோ, பேச்சுவழக்கு கலந்துவிட்டது என்று மொழிநடைக்கான மதிப்பெண்ணைக் குறைத்தார். எனக்கு மனசே ஆறவில்லை.

2005 பாடத்திட்ட மறுஆய்வுக்குப் பிறகு வகுப்பறையில் பேச்சுத்தமிழுக்கு இடம் கொடுத்தாயிற்று. போட்டி மேடையில் மட்டும் ஏன் தயக்கம்? ஏற்பாட்டாளர்கள் அடுத்த ஆண்டாவது தலைப்பை அரை மணி நேரத்துக்கு முன் கொடுத்து, சின்னக் குறிப்பு அட்டையோடு பேச விடுங்கள். அவையை இணங்க வைத்ததற்கென்று மதிப்பெண் தாளில் ஒரு கட்டம் ஒதுக்குங்கள், நல்ல பேச்சுத்தமிழுக்கு மதிப்பெண் குறைக்காதீர்கள்.

இப்படிக்கு,
முன்னாள் தமிழாசிரியர் ஒருவர்,
சிங்கப்பூர்