தமிழ் எழுத்துருவுக்கு ஒரு மாநாடு சிவகாசியில் கூடட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அண்மையில் மும்பையில் நடந்த எழுத்துரு வடிவமைப்பு மாநாட்டுக்குப் போய்வந்தேன். சிவகாசியில் ஓர் அச்சகத்தில் தினசரி காலண்டர், திருமண அழைப்பிதழ், பட்டாசுப் பெட்டி லேபிள் ஆகியவற்றை வடிவமைப்பது என் வேலை. கம்போசிட்டராக ஈய எழுத்துக் கோக்கத் தொடங்கி, பின்னர் கம்ப்யூட்டருக்கு மாறியவன். எங்கள் ஊரிலிருந்து இத்தகைய மாநாடுகளுக்குப் போவோர் அரிது. என் முதலாளி செலவை ஏற்றுக்கொண்டதால் எனக்கு அந்த வாய்ப்புக் கிடைத்தது. அங்கே கண்டதையும், அதனால் எழுந்த ஒரு கோரிக்கையையும் உங்கள் வாசகர்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

அரங்கில் பெரும்பாலோர் இருபதை ஒட்டிய வயதினர். பேச்செல்லாம் ஆங்கிலம். எனக்கு அது பாதிதான் பிடிபடும். ஆனாலும் ஓர் எழுத்தைத் திரையில் ஆளுயரத்துக்குப் பெரிதாக்கி, இந்த வளைவு ஏன் இங்கே தடிக்கிறது, இந்தச் சுழி ஏன் அடைத்துக்கொள்கிறது என்று காட்டும்போது பெரும்பகுதி புரிந்துவிட்டது. பக்கத்தில் அமர்ந்திருந்த கோவை மாணவி ஒருவர் எனக்கு விட்டுப்போனதையெல்லாம் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார். அவருக்கு நன்றி சொல்லாமல் இந்தக் கடிதத்தை எழுத முடியாது.

என்னை உலுக்கியது, நெருக்கப்பட்ட எழுத்துகளைப் பற்றிய ஓர் உரை. பேச்சாளர் காட்டிய எடுத்துக்காட்டுகள் எல்லாம் இந்தி எழுதும் தேவநாகரி எழுத்துகள். என் கண்ணில் ஓடியதோ எங்கள் காலண்டர் தாள். உள்ளங்கை அகலத் தாளில் தேதி எண் பாதி இடத்தைப் பிடித்துக்கொள்ளும். மீதியில் நல்ல நேரம், இராகு காலம், எமகண்டம், குளிகை, சூலம், சந்திராஷ்டமம், பன்னிரண்டு ராசிக்கும் பலன் என அத்தனையும் வர வேண்டும். சந்திராஷ்டமம் என்ற ஒரு சொல்லே கட்டத்தை விட்டு வெளியே நிற்கும். உடனே எழுத்தின் அகலத்தை எழுபது விழுக்காடாகக் குறைப்பது எங்கள் தொழிலில் எல்லோரும் செய்வது. அப்படிக் குறைத்தால் நெட்டுக் கோடுகள் மட்டும் மெலியும், கிடைக் கோடுகள் தடித்தபடியே நிற்கும். ‘ண’வின் சுழிகள் ஒன்றோடொன்று ஒட்டும். மலிவுக் காகிதத்தில் மை பரவும்போது அந்தச் சுழிகள் கறுப்புப் புள்ளிகளாகிவிடும். துணைக்காலுக்கும் ‘ர’வுக்கும் வேறுபாடு தெரியாது. அந்தத் தாளை நாள்தோறும் கிழித்துப் படிப்பவர்களில் பாதிப்பேர் கண் மங்கிய பெரியவர்கள்.

பேச்சாளர் சொன்ன தீர்வு எளிமையானது: எழுத்தை நெருக்காதே, குறுகிய எழுத்தைப் புதிதாக வரை. சுழிகளைத் திறந்து விடு, தடிமனைச் சமன் செய், பிறகு அகலத்தைக் குறை.

தமிழ் அச்சு வரலாற்றில் இதை முன்பே செய்திருக்கிறார்கள் என்பது என் நினைவுக்கு வந்தது. ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து தரங்கம்பாடிக்கு 1713இல் வந்த தமிழ் ஈய எழுத்துகள் அளவில் மிகப் பெரியவை, காகிதத்தை விழுங்கின. எனவே அங்கிருந்த கிறித்தவ மிஷனரிகள் இங்கேயே சிறிய எழுத்துகளை வார்த்து 1715இல் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தார்கள். சென்னை அமெரிக்கன் மிஷன் அச்சகத்தின் ஹண்ட், சிறிதாக இருந்தும் தெளிவு குன்றாத எழுத்துகளை உருவாக்கினார். 1862இல் வந்த வின்ஸ்லோ தமிழ்-ஆங்கில அகராதி அந்த அச்சகத்தில் உருவானதுதான். அத்தனை சொற்களை ஒரே புத்தகத்தில் அடக்க அவர்கள் எழுத்தைப் பிழியவில்லை, புதிதாக வெட்டினார்கள். கம்ப்யூட்டரில் ஓர் எண்ணை மாற்றினால் எழுத்து மெலியும் என்ற வசதி வந்த பிறகு அந்த உழைப்பு நம்மிடம் நின்றுபோனது எனக்குப் பெரும் வருத்தம்.

ஒரு தமிழ் எழுத்துருவுக்கு எவ்வளவு வேலை என்பதையும் அங்கேதான் முழுமையாக உணர்ந்தேன். கொம்பையும் காலையும் ஒரு முறை வரைந்து எல்லா எழுத்தோடும் சேர்த்துவிடலாம். உகர, ஊகார வரிசையில் அது நடக்காது. கு, சு, டு, மு, ரு, னு என்று ஒவ்வொன்றும் வேறு விதமாக வளையும். பதினெட்டு மெய்க்கும் குறிலும் நெடிலுமாக முப்பத்தாறு வடிவங்களைத் தனித்தனியே வரைந்து, அவை அடுத்த எழுத்தோடு இடிக்காமல் இடைவெளி அமைக்க வேண்டும். மாதக்கணக்கில் கண்ணைக் கொடுத்துச் செய்யும் வேலை இது. எங்கள் தொழிலிலோ எழுத்துரு பென்டிரைவில் கை மாறும். வரைந்தவர் பெயரும் தெரியாது, அவருக்கு ஒரு காசும் போகாது. காகிதத்துக்கும் மைக்கும் கணக்கு எழுதும் அச்சகங்கள் எழுத்துக்கும் ஒரு வரி எழுதியாக வேண்டும்.

அதற்குப் பணமில்லை என்போர் ஒன்றை அறிந்துகொள்ளட்டும். பணம் கொடுக்காமலே முறைப்படி வணிக அச்சுக்குப் பயன்படுத்தக்கூடிய நல்ல தமிழ் எழுத்துருக்கள் பல இருக்கின்றன. நோட்டோ சான்ஸ் தமிழில் குறுகிய அகல வடிவங்களே தனியாக உண்டு. காலண்டர்காரர்கள் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான். முக்த மலர், பலூ தம்பி ஆகிய இரண்டையும் ஆக்கியது மும்பையின் எக் டைப் குழு. மீரா இனிமையை உருவாக்கியவர் கேரளத்தின் உசைன். அரிமா மதுரையை வரைந்தவர் போர்ச்சுகல்காரர். தமிழுக்கு அப்பால் பிறந்தவர்கள் நம் எழுத்தை இவ்வளவு அக்கறையோடு பயின்று வரைந்து இலவசமாகத் தந்திருக்கிறார்கள். இவை எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடு குறியீட்டு எழுத்துருக்கள் என்பதால், பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளான பேஜ்மேக்கரில் ஒழுங்காக வராது. புதிய மென்பொருளுக்கு மாற வேண்டும். அந்த மாற்றத்தைத் தள்ளிப்போடுவதால்தான் இன்னும் பழைய குறியீட்டு எழுத்துருக்களிலேயே உழல்கிறோம்.

தேநீர் இடைவேளையில் நடந்ததைச் சொன்னால்தான் என் கோரிக்கை புரியும். பழைய திருமண அழைப்பிதழ்கள் சிலவற்றையும், தும்பிக்கை போட்ட ‘ணை’, ‘லை’ ஈய எழுத்துகளையும் பையில் கொண்டுபோயிருந்தேன். 1978 எழுத்துச் சீர்திருத்த அரசாணைக்குப் பின்னும் பல சிறிய அச்சகங்களின் எழுத்துப் பெட்டிகளில் அவை கிடந்தன. தேயும் வரை அவற்றையும் கோத்தோம். எடுத்து மேசைமேல் வைத்ததும் மாணவர்கள் சூழ்ந்துகொண்டார்கள். எழுத்துச் சீர்திருத்தம் பற்றி என்னைவிட அதிகம் படித்திருந்தார்கள். ஆனால் அந்த எழுத்தை ஒருவரும் கையில் தொட்டதில்லை. கொக்கி நீண்ட எழுத்தில் எந்த முனை முதலில் ஒடியும், ட்ரெடில் அச்சு எந்திரத்தின் அழுத்தத்தில் எந்தச் சுழி முதலில் அடையும், அதற்காக வரியை எப்படி இளக்கிக் கோப்போம் என்று கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டார்கள். அடுத்த உரை தொடங்கிய பிறகும் நான்கு பேர் நகரவில்லை. ஒரு பையன் தான் வரையும் எழுத்துருவைக் காட்டி, காலண்டர் தாளில் இது நிற்குமா என்று கேட்டான். ‘ஞ’வின் அடிச்சுழியை இன்னும் திறக்கச் சொன்னேன். அங்கேயே திருத்தினான்.

அந்தப் பிள்ளைகளின் படிப்பும் எங்கள் ஊர்க்காரர்களின் கைப்பழக்கமும் மும்பையில் ஒரு தேநீர் மேசையில் தற்செயலாகச் சந்தித்தது போதாது. தமிழ் எழுத்துருவுக்கென்று ஒரு மாநாடு, தமிழிலேயே, சிவகாசியில் நடக்க வேண்டும். ஆடிப்பெருக்கன்று காலண்டர் மாதிரி ஆல்பம் வெளியிட்டால் மார்கழி முடியும் வரை எங்களுக்கு மூச்சுவிட நேரமிருக்காது. தை பிறந்த பிறகு எந்திரங்கள் ஓயும். மாசி, பங்குனியில் வைத்தால் ஊரே வந்து அமரும். நட்சத்திர ஓட்டல் அரங்கு வேண்டாம், ஒரு திருமண மண்டபம் போதும். காலையில் உரைகள், மாலையில் அச்சகங்களுக்குள் நேரடிப் பயிற்சி. நுழைவுக் கட்டணம் ஓர் அச்சகத் தொழிலாளி தரக்கூடியதாக இருக்கட்டும். கடைப் பெயர்ப்பலகை எழுதும் ஓவியர்களையும் அழைக்க வேண்டும். பிளெக்ஸ் வந்து வேலையிழந்த அவர்களுடைய தூரிகைப் பயிற்சி இந்தத் துறைக்கு வெளியே நிற்பது நியாயமே அல்ல.

சென்னை, கும்பகோணம் அரசு கவின்கலைக் கல்லூரிகள் தங்கள் மாணவர்களை ஒரு மாதம் எங்கள் அச்சகங்களுக்கு அனுப்பலாம். தமிழ் வளர்ச்சித் துறை இதற்கு ஒரு சிறு நிதி ஒதுக்க வேண்டுகிறேன். தமிழ் எழுத்தையே நம்பி நாள்தோறும் வெளிவரும் உங்களைப் போன்ற நாளிதழ்களின் பக்க வடிவமைப்பாளர்களும் வந்து பேச வேண்டும். ஆறு பாயிண்ட் எழுத்தில் வரிவிளம்பரப் பக்கத்தை எப்படிப் படிக்கவைக்கிறீர்கள் என்பதை எங்கள் ஊர்க்காரர்கள் கேட்க ஆவலாக இருக்கிறார்கள்.

எங்கள் அச்சக உரிமையாளர்கள் சிலரிடம் பேசியிருக்கிறேன். கல்லூரி ஒன்று முன்வந்தால் இடமும் உணவும் தாங்கள் பார்த்துக்கொள்வதாக இருவர் சொல்லியிருக்கிறார்கள். என்னிடம் உள்ள ஈய எழுத்துகள், பழைய அழைப்பிதழ்கள், காலண்டர் மாதிரிகள் அனைத்தையும் கண்காட்சிக்குத் தருகிறேன்.

இப்படிக்கு,
அச்சு வடிவமைப்பாளர் ஒருவர்,
சிவகாசி.