ரெகவரி லாக் நிரம்பிய இரவில் துணைநின்றவர்களுக்கு

பேக்கப் சர்வரின் ரெகவரி லாக் விளிம்புவரை நிரம்பி, சர்வரே எழ மறுத்தபோது கைகொடுத்த அனைவருக்கும் வணக்கம்.

நேரில் பார்த்தபோதும் தொலைபேசியிலும் உங்களில் பலரிடம் நன்றி சொல்லிவிட்டேன். ஆனால் யார் எதைச் செய்ததால் சர்வர் பிழைத்தது என்பது எல்லோருக்கும் தெரிய வேண்டும். இதே மென்பொருளைப் பார்த்துக்கொள்ளும் வேறு யாருக்காவது இது உதவினால் இன்னும் மகிழ்ச்சி. அதனால்தான் பொதுவில் எழுதுகிறேன்.

எங்களிடம் ஓடுவது ஐபிஎம்மின் பேக்கப் மென்பொருளான டிவோலி ஸ்டோரேஜ் மேனேஜரின் 5.5 பதிப்பு. எந்தக் கோப்பு எந்த டேப்பில் இருக்கிறது என்ற குறிப்பெல்லாம் அதன் டேட்டாபேஸில் இருக்கும். டேட்டாபேஸில் நடக்கும் ஒவ்வொரு மாற்றமும் அதன் ரெகவரி லாகில் பதிவாகும். ரோல்ஃபார்வர்டு முறையில் வைத்திருப்பதால், கடைசி டேட்டாபேஸ் பேக்கப்புக்குப் பின் நடந்த அத்தனையும் லாகிலேயே தங்கியிருக்கும். அடுத்த பேக்கப் முடிந்ததும் இடம் விடுபடும். லாக் பாதி நிரம்பினால் பேக்கப் தானாகத் தொடங்கும்படி டிரிகரும் போட்டிருந்தோம். அன்று டிரிகர் தன் வேலையைச் சரியாகவே செய்தது. பேக்கப் முடிந்தது, லாக் இறங்கவில்லை. மறுபடி ஓடியது, முடிந்தது, அப்போதும் இறங்கவில்லை. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஒரு ஸ்கிராட்ச் டேப் (புதிதாக எழுத வைத்திருக்கும் காலி டேப்) செலவானதுதான் மிச்சம். கடைசியில் சர்வர் நின்றது. திரும்பத் தொடங்கினால், லாகில் இடமில்லை என்று சொல்லி உடனே விழுந்தது.

முதல் நன்றி, அந்த நேரத்தில் தூக்கத்திலிருந்து எழுந்து தொலைபேசியை எடுத்த அண்ணனுக்கு. லாக் கோப்பை அழித்துவிட்டுப் புதிதாக ஒன்றை உருவாக்கினால் என்ன என்ற பேச்சு அறையில் எழுந்திருந்தது. அவர் நாங்கள் சொல்வதை முழுவதும் கேட்பதற்கு முன்பே, "லாக் கோப்பில் யாரும் கை வைக்காதீர்கள்" என்றார். டேட்டாபேஸில் இன்னும் முழுமையாக எழுதப்படாத மாற்றங்கள் அந்தக் கோப்பில்தான் இருக்கின்றன. அது போனால் டேட்டாபேஸ் உருக்குலையும். டேட்டாபேஸ் போய்விட்டால் அலமாரி நிறைய டேப் இருந்தும் எந்தக் கோப்பு எதில் இருக்கிறது என்று சொல்ல ஆளிருக்காது. எத்தனை பேருடைய உழைப்பு அந்த ஒரு வாக்கியத்தால் தப்பியது என்று நினைக்கும்போதெல்லாம் மனம் நெகிழ்கிறது, அண்ணா.

பிறகு அவர் நிதானமாக வழி சொன்னார். முதலில் டிஎஸ்எம்எஃப்எம்டி கட்டளையால் புதிய லாக் வால்யூம் ஒன்றை, அதாவது லாக் எழுதுவதற்கான இன்னொரு கோப்பை, உருவாக்க வேண்டும். "513 என்று போடுங்கள், 512 இல்லை" என்று சொல்லி, நாங்கள் தட்டியதைத் திருப்பிப் படிக்கவும் வைத்தார். லாகுக்குக் கிடைக்கும் அளவு மெகாபைட் கணக்கில் நான்கின் மடங்காக இருக்க வேண்டும். அதோடு ஒரு மெகாபைட் அந்த வால்யூமின் சொந்தக் கணக்குக்காகப் போகும். அதன்பின் லாகை நீட்டிக்கும் டிஎஸ்எம்சர்வ் எக்ஸ்டெண்ட் லாக் கட்டளையில் வால்யூமின் பெயரையும் 512 என்ற அளவையும் கொடுத்தோம். சர்வர் எழுந்தது. வேறு எதையும் தொடாமல் உடனே டேட்டாபேஸ் பேக்கப் எடுக்கச் சொன்னார், எடுத்தோம். லாக் இறங்கியது.

இதெல்லாம் நடக்க இடம் கொடுத்தவர் இன்னொருவர். இந்த சர்வரை முதன்முதலில் அமைத்துவிட்டு, பல ஆண்டுகளுக்கு முன்பே வேறு வேலைக்குப் போய்விட்டவர். இந்தப் பதிப்பில் ரெகவரி லாகின் உச்ச அளவு 13 ஜிபி. அவர் 12 ஜிபியோடு நிறுத்தியிருந்தார். ஏன் முழுவதையும் கொடுக்கவில்லை என்று எங்களுக்குள் அவ்வப்போது கேள்வி எழுந்ததுண்டு. உச்சத்தைத் தொட்டிருந்தால் எக்ஸ்டெண்ட் லாக் கட்டளைக்கே வேலை இருந்திருக்காது. ஐயா, இந்த மடல் உங்கள் கண்ணில் படுமா என்று தெரியவில்லை. நீங்கள் ஒதுக்கி வைத்துப்போன அந்த ஒரு ஜிபிதான் எங்களைக் காப்பாற்றியது.

இடம் கொடுத்தது முதலுதவி மட்டுமே. நோயைக் கண்டுபிடித்தது மறுநாள் வந்த தோழி. லாக் மறுபடி மெல்ல ஏறத் தொடங்கியதும் லாகைப் பிடித்து வைத்திருப்பது எது என்று காட்டும் ஷோ லாக்பின்டு கட்டளையைத் தட்டிப் பார்க்கச் சொன்னார். திரையில் ஒரே ஒரு செஷன் வந்து நின்றது. மந்தமான இணைப்பில் இருக்கும் ஒரு கணினி, மிகப் பெரிய ஒற்றைக் கோப்பு ஒன்றைச் சொட்டுச் சொட்டாக அனுப்பிக்கொண்டிருந்தது. ரெகவரி லாக் வட்டமாகச் சுற்றி எழுதப்படுவது. முடியாமல் நிற்கும் மிகப் பழைய டிரான்ஸாக்ஷன் (ஒரே மூச்சில் முடிய வேண்டிய வேலை) எங்கே தொடங்கியதோ, அந்த இடத்தைத் தாண்டி எதையும் விடுவிக்க முடியாது. நடுச்சாலையில் ஒரு வண்டி நின்றுவிட்டால் பின்னால் வருவதெல்லாம் தேங்குவதுபோல, அதற்குப் பிறகு முடிந்துபோன வேலைகளின் பதிவுகளும் அப்படியே கிடக்கும். டேட்டாபேஸ் பேக்கப் எத்தனை எடுத்தாலும் பயனில்லை. முந்தைய இரவு சர்வரே நின்றபோது திறந்திருந்த செஷன்களும் அறுந்துபோனதால்தான் அண்ணன் சொன்ன பேக்கப்புக்கு லாக் இறங்கியது. அந்தச் செஷனை ரத்து செய்து, பேக்கப் எடுத்ததும் எண் சரசரவென்று இறங்கியதைப் பார்த்தபோது அறையில் இருந்த எல்லோருமே கைதட்டிவிட்டோம்.

அந்தக் கணினியின் பொறுப்பாளர்களுக்கும் நன்றி. அவர்களுடைய வேலையைத்தான் பாதியில் நிறுத்தினோம், ஆனாலும் கடிந்து ஒரு சொல் சொல்லவில்லை. இப்போது அந்தக் கோப்பைச் சிறு சிறு துண்டுகளாகப் பிரித்து, தனி நேரத்தில் அனுப்புகிறார்கள். த்ரூபுட் (தரவு வரும் வேகம்) வரம்புகளை அமைப்பதில் உட்கார்ந்து உதவிய நெட்வொர்க் நண்பரையும் மறக்க முடியாது. குறிப்பிட்ட நிமிடங்களுக்குப் பிறகும் நொடிக்கு இத்தனை கிலோபைட் வேகத்தை எட்டாத செஷனை சர்வரே துண்டித்துவிடும். எண்ணைக் கூட்டி வைத்தால் நியாயமாக ஓடுபவையும் அறுபடும் என்பதால், எங்கள் இணைப்புகளின் உண்மையான வேகத்தை அளந்து பார்த்துத்தான் அவர் எண்ணைச் சொன்னார்.

புதிய பதிப்புக்கு மாறுவது பற்றி முன்கூட்டியே எச்சரித்தவர்களுக்கும் கடமைப்பட்டிருக்கிறேன். 2009இல் வந்த 6.1 முதல் டேட்டாபேஸ் ஐபிஎம்மின் டிபி2 என்ற டேட்டாபேஸ் மென்பொருளுக்கு மாறிவிட்டது. நடப்பு வேலைகளுக்கான ஆக்டிவ் லாக், முடிந்தவற்றைச் சேர்த்து வைக்கும் ஆர்கைவ் லாக் என்று இரண்டு இருக்கின்றன. முழு டேட்டாபேஸ் பேக்கப் ஒழுங்காக நடக்காவிட்டால் ஆர்கைவ் லாக் குவிந்து நிரம்பும். அதற்கு மாற்றிடமாக ஃபெயில்ஓவர் டைரக்டரி ஒன்றை வேறொரு டிஸ்கில் வையுங்கள் என்றார்கள். திட்டத்தில் சேர்த்துவிட்டேன்.

கடைசியாக, டேப் அறையில் இரவுப் பணியில் இருந்த தம்பிகளுக்கு. ஸ்கிராட்ச் டேப் தீரும் நிலையில், காலாவதியானவற்றை லேபிள் பார்த்துப் பொறுக்கி எடுத்துக் கொடுத்தீர்கள். இப்போது தினமும் காலையில் லாகின் உச்சப் பயன்பாட்டைக் குறித்துக்கொண்டு, ரீசெட் லாக்மேக்ஸ்யூடிலைசேஷன் கட்டளையால் அந்த எண்ணைப் புதிதாகத் தொடங்க வைக்கிறீர்கள். இதை யாரும் உங்களிடம் கேட்கவில்லை, நீங்களாகவே செய்கிறீர்கள். அறுபது விழுக்காட்டைத் தாண்டினால் எந்த நேரமானாலும் என்னை எழுப்புங்கள்.