அளவைக் கூட்டும் முன் காரணத்தைத் தேடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். செல்லப்பிராணிகள் பகுதியில் பூனைகளின் சர்க்கரை நோய் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். பூனைக்குமா சர்க்கரை என்று சிரிக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்காகவே அதை வரவேற்கிறேன். ஆனால் சர்க்கரை இறங்காவிட்டால் மருத்துவரைக் கேட்டு இன்சுலின் அளவைக் கூட்டலாம் என்று ஒரே வரியில் முடித்துவிட்டது எனக்குக் குறையாகப் படுகிறது.

எங்கள் சிங்காரம் கருத்தடை செய்த ஆண் பூனை, வயது பத்துக்கு மேல், எடை 6 கிலோ. காலையிலும் மாலையிலும் ஊசி. அளவு ஏறிக்கொண்டே போனது. மீட்டரோ 400ஐ விட்டு இறங்குவேனா என்றது. ஒரு வேளைக்கு, கிலோவுக்கு ஒன்றரை யூனிட்டைத் தாண்டியும் சர்க்கரை அடங்கவில்லை என்றால் உடம்பு இன்சுலினை எதிர்க்கிறதோ என்று சந்தேகிக்க வேண்டும் என்றார் மருத்துவர். சிங்காரத்துக்கு அது 9 யூனிட்.

அந்தச் சந்தேகத்துக்குப் போகும் முன் மருந்து நன்றாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நான் ஃபிரிட்ஜ் மெக்கானிக் என்பதால் இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். பின்சுவரை ஒட்டி, குளிர்காற்று வரும் துளைக்கு நேராக வைத்த தண்ணீர் பாட்டில் உறைந்து கிடப்பதை எத்தனையோ வீடுகளில் பார்த்திருக்கிறேன். இன்சுலின் ஒருமுறை உறைந்தால் முடிந்தது கதை. உருகிய பிறகு பார்வைக்குப் பழையபடியே இருந்தாலும் தூக்கிப் போட வேண்டியதுதான். கதவில் வைத்தால் திறக்கும்போதெல்லாம் சூடு ஏறும். நடுத்தட்டில், அட்டைப் பெட்டியோடு, 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்கட்டும். சிரிஞ்சையும் பாருங்கள். மருந்திலும் சிரிஞ்சிலும் போட்டிருக்கும் 40, 100 என்பது ஒரு மில்லியில் எத்தனை யூனிட் என்பதற்கான எண். 40 என்று போட்ட மருந்தை 100 சிரிஞ்சில் 5 கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 2 யூனிட்தான். மாற்றி, 100 மருந்தை 40 சிரிஞ்சில் அதே 5 கோடு வரை இழுத்தால் பன்னிரண்டரை! அது உயிருக்கே ஆபத்து.

அப்புறம் வீட்டிலேயே சோதிப்பது. மருத்துவமனை மேஜையில் பயத்திலேயே பூனைக்குச் சர்க்கரை எகிறிவிடும், அந்த எண்ணை மட்டும் நம்ப முடியாது. காதுக்குப் பின்னால் டார்ச் அடித்தால் ஓரமாக ஓடும் நரம்பு சிவப்பு இழை போலத் தெரியும். நரம்பையே குத்த வேண்டாம். அதற்கும் காது விளிம்புக்கும் நடுவே குத்தினால் போதும். வெதுவெதுப்பான துணியைக் கொஞ்ச நேரம் காதில் வைத்திருந்தால் ரத்தம் சுலபமாக வரும். ஊசி போட்டதிலிருந்து இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, பன்னிரண்டு மணி நேரம் வரை குறித்துவைத்தால், மருந்து எப்போது இறக்குகிறது, எவ்வளவு இறக்குகிறது என்பது கண்ணுக்குத் தெரியும். மனிதர்களுக்கான மீட்டர் பூனை ரத்தத்தில் பெரும்பாலும் குறைத்தே காட்டும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

மருந்தும் ஊசியும் சரி என்றால்தான் உடம்புக்குள் தேட வேண்டும். பல்லில் சீழ், சிறுநீர்த் தொற்று, கணைய அழற்சி, தைராய்டு, உடல் பருமன், அரிப்புக்கோ ஆஸ்துமாவுக்கோ கொடுக்கும் ஸ்டீராய்டு, எதுவும் காரணமாகலாம். சிங்காரத்துக்கு இவை எதுவும் இல்லை. சர்க்கரை அடங்காத பூனை மெலிய வேண்டும்; இவனுக்கோ கழுத்துப் பட்டை இறுகியது, முகம் அகன்றது, கீழ்த்தாடை முன்னே வந்தது, தூங்கும்போது குறட்டை வேறு. இதைப் பார்த்துத்தான் மருத்துவர் ஐஜிஎஃப்-1 என்ற ரத்தப் பரிசோதனை எழுதினார்; வளர்ச்சி ஹார்மோன் கூடினால் ரத்தத்தில் இதுவும் கூடும். அக்ரோமெகலி என்ற நோய் இது: மூளைக்கு அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியில் சிறு கட்டி வந்து, வளர்ச்சி ஹார்மோன் அளவுக்கு மீறிச் சுரக்கிறது. அது இன்சுலினை வேலை செய்ய விடுவதில்லை. அபூர்வ நோய் என்று ஒதுக்கவும் முடியாது. பிரிட்டனில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சர்க்கரைப் பூனைகளைச் சோதித்து 2015இல் வெளியான ஆய்வில், சுமார் நான்கில் ஒன்றுக்கு இந்த நோயைச் சந்தேகிக்கும்படி ஐஜிஎஃப்-1 அளவு கூடியிருந்தது.

கதிர்வீச்சும் அறுவை சிகிச்சையும் உண்டு, ஆனால் எல்லாப் பூனைக்கும் கைக்கு எட்டுவதில்லை. நாங்கள் மாவுச்சத்து குறைந்த ஈர உணவும், அதிக அளவு இன்சுலினுமாக ஓட்டுகிறோம். இதில் ஒரு சிக்கல்: ஹார்மோன் ஒரே சீராகச் சுரப்பதில்லை. நேற்று எடுபடாத அதே அளவு இன்று திடீரென்று வேலை செய்துவிடும். அதனால் ஊசிக்கு முன் காதில் ஒரு சொட்டு பார்க்காமல் நான் சிரிஞ்சைத் தொடுவதில்லை. 60க்குக் கீழே போனாலோ, கால் தள்ளாடினாலோ ஈறில் தேனைத் தடவிவிட்டு உடனே மருத்துவரைக் கூப்பிட வேண்டும். கட்டுரையில் இந்தத் தாழ்சர்க்கரை பற்றி ஒரு சொல்கூட இல்லாததுதான் என்னை எழுத வைத்தது.

இதே பகுதியில் மீண்டும் எழுதும்போது இதைச் சேர்த்து, 40, 100 சிரிஞ்சுகள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு படமும் போடுங்கள்.

இப்படிக்கு,
ஃபிரிட்ஜ் மெக்கானிக் வாசகர் ஒருவர்