தண்ணி லாரிக்காரரைப் பார்த்துப் பாவப்பட்ட பாப்பாவுக்கு

பாப்பா,

நிறுத்தியிருந்த உன் காரைத் தண்ணி லாரி இடித்துவிட்டது என்று நேற்று ராத்திரி நீ ஃபோனில் சொன்னதையெல்லாம் சரி, சரி என்று கேட்டுக்கொண்டேன், ஆனால் படுத்த பிறகு தூக்கம் வரவில்லை, அதனால்தான் காலையில் எழுந்ததும் உட்கார்ந்து எழுதுகிறேன். ஃபோனில் சொன்னால் நீ பாதியில் "ம்மா, மீட்டிங்" என்று வைத்துவிடுவாய்.

முதலில் ஒன்று. அந்த டிரைவர் இன்றைக்குச் சாயங்காலம் வந்து 2,000 ரூபாய் கொடுத்துவிட்டு, "இனி எந்தப் பிரச்சினையும் இல்லை" என்று உன்னிடம் எழுதி வாங்கிக்கொள்வதாகச் சொன்னாரே, அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போடாதே. எதுவும் எழுதிக் கொடுக்காதே. மிச்சத்தைப் பொறுமையாகப் படித்துக்கொள்.

நான் இன்சூரன்ஸ் கம்பெனியின் மோட்டார் கிளைம் செக்‌ஷனில் சேர்ந்த புதிதில் மதுரையில் ஒரு வாத்தியார் வந்தார், ரிட்டயர் ஆனவர். கல்யாண மண்டபத்துக்கு வெளியே நிறுத்தியிருந்த அவருடைய மாருதியை ஒரு டெம்போ இடித்துவிட்டது. அந்தப் பையன் அழுதிருக்கிறான், இவர் 500 ரூபாய் வாங்கிக்கொண்டு "முழுத் திருப்தி, இனி கோர மாட்டேன்" என்று எழுதிக் கொடுத்துவிட்டார். அப்புறம் கதவைத் திறக்க முடியவில்லை, செலவு பல ஆயிரம் என்று தெரிந்ததும் எங்களிடம் வந்தார். இடித்தவனிடம் கேட்கும் உரிமையை நீங்களே விட்டுக்கொடுத்துவிட்டீர்கள், உங்களுக்குக் கொடுத்துவிட்டு நாங்கள் யாரிடம் போய்க் கேட்பது என்று கிளைமை நிராகரித்தார்கள். அந்தக் கடிதத்தை டைப் அடித்தவள் நான். இன்சூரன்ஸ் கம்பெனி உனக்குப் பணம் கொடுத்தால், இடித்தவரிடம் வசூலிக்கும் உன்னுடைய உரிமை அதற்குப் போய்ச் சேரும். அதை நீயே கெடுத்துவிட்டால் உன் கிளைமும் ஆட்டம் காணும். அந்த வாத்தியார் ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து போனது இன்னும் கண்ணில் நிற்கிறது, அது உனக்கு நடக்கக் கூடாது.

உன் இரக்கத்தை நான் குறை சொல்லவில்லை, அப்படித்தான் உன்னை வளர்த்தோம். ஆனால் நீ கேட்கப்போகும் பணம் அந்த டிரைவரின் சம்பளத்திலிருந்து வரவேண்டியது இல்லை. வேலையாள் வேலை நேரத்தில் செய்த தவறுக்கு லாரி ஓனர்தான் பொறுப்பு, ஓனருக்காகக் கொடுக்கத்தான் அவர் வண்டிக்கு மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் இருக்கிறது. அது இல்லாமல் எந்த வண்டியும் ரோட்டில் ஓடக் கூடாது என்பது 1988 மோட்டார் வாகனச் சட்டம். அடுத்தவர் சொத்துக்குச் சேதம் என்றால், லாரிக்கும் காருக்கும் அந்தப் பாலிசியில் சாதாரணமாக 7.5 லட்சம் வரை வழி உண்டு. சில ஓனர்கள் பிரீமியத்தில் கொஞ்சம் மிச்சம் பிடிக்க அதை வெறும் 6,000 ரூபாயாகக் குறைத்துக்கொள்வார்கள், அதனால் லாரியின் பாலிசி காப்பியைக் கேட்டு வாங்கி அந்த வரியைப் பார். லாரி நம்பர்தான் உன்னிடம் இருக்கிறதே, அரசின் எம்பரிவாகன் ஆப்பில் போட்டால் இன்சூரன்ஸ் உயிரோடு இருக்கிறதா என்பது தெரிந்துவிடும்.

"சின்ன இடிதானே, நம்ம இன்சூரன்ஸிலேயே பார்த்துக்கலாம்" என்றாய். கணக்குப் போட்டுப் பார்ப்போம் வா. ஒர்க்‌ஷாப்காரர் சொன்ன எஸ்டிமேட் 38,000. பம்பர் 9,000, டிக்கி கதவு 14,000, டெயில் லைட் 6,000, பெயின்ட்டும் கூலியும் 9,000. உன் காருக்கு மூன்று வயது முடிந்துவிட்டது, அதனால் இரும்புப் பாகத்துக்குத் தேய்மானம் என்று 25 சதவீதம் கழிப்பார்கள், பிளாஸ்டிக்குக்கு வயசு பார்க்காமல் பாதி. பம்பரில் 4,500, கதவில் 3,500, லைட்டில் 3,000 போகும், பெயின்ட் மெட்டீரியலிலும் கொஞ்சம் பிடிப்பார்கள், அப்புறம் கட்டாயக் கழிவு, அதாவது ஒவ்வொரு கிளைமிலும் நாமே ஏற்க வேண்டிய தொகை, 1,000. ஆகமொத்தம் சுமார் 13,000 உன் கையிலிருந்து. அதோடு முடியவில்லை. மூன்று வருஷமாகக் கிளைம் போடாததால் உனக்குப் பிரீமியத்தில் 35 சதவீதம் தள்ளுபடி ஓடுகிறது, அதுதான் நோ கிளைம் போனஸ் (என்.சி.பி.), வரும் ரின்யூவலில் 45 ஆகும், அடுத்ததில் 50. கிளைம் வாங்கினால் பூஜ்யத்துக்குப் போய், பிறகு 20, 25, 35, 45 என்று மறுபடி ஏறிவர வேண்டும். உன் காரின் சொந்தச் சேதத்துக்கான பிரீமியம் தள்ளுபடிக்கு முன் 12,000 என்று வைத்துக்கொண்டால், ஐந்து வருஷத்தில் 14,400 ரூபாய் இழப்பு. இரண்டையும் கூட்டிப் பார், 27,000-க்கு மேல். யாரோ இடித்ததற்கு நீ ஏன் இவ்வளவு கட்ட வேண்டும்? பம்பர் டு பம்பர் என்ற ஆட்-ஆன் (தனியாகக் காசு கட்டிச் சேர்க்கும் பாதுகாப்பு) இருந்தால் அந்தத் தேய்மானம் பெரும்பாலும் போகாது, ஆனால் 1,000 ரூபாய்க் கழிவும் போனஸ் இழப்பும் அப்போதும் உண்டு.

அதனால் இப்படிச் செய். இன்றைக்கே உன் இன்சூரன்ஸ் கம்பெனிக்குத் தகவல் சொல்லிவிடு. தகவல் சொன்னதால் போனஸ் போகாது, பணம் வாங்கினால்தான் போகும். ஆனால் தாமதமாகச் சொன்னால் "ஏன் இத்தனை நாள்?" என்று ஆரம்பித்துவிடுவார்கள். சேதத்தை மதிப்பிடக் கம்பெனி அனுப்பும் சர்வேயர் பார்க்கும்வரை ஒர்க்‌ஷாப்காரர் ஒரு போல்ட்டைக்கூடக் கழற்றக் கூடாது. எதிர் வீட்டு கேமரா பதிவை இன்றே போய்க் காப்பி எடு, அந்தப் பெட்டிகள் பழைய பதிவின் மேலேயே புதியதை எழுதிக்கொண்டு போகும், அடுத்த வாரம் போய் நின்றால் ஒன்றும் இருக்காது.

ஸ்டேஷனுக்குப் போய் மனு கொடுத்து, அதைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்கிக்கொள். விபத்து என்பதால் போக்குவரத்துப் புலனாய்வுப் பிரிவுக்கு அனுப்பினாலும் அனுப்புவார்கள், அலுத்துக்கொள்ளாமல் போ. யாருக்கும் அடிபடவில்லை, டிரைவரை உள்ளே தள்ளச் சொல்லிக் கேட்கவும் இல்லை, நடந்தது நடந்தபடி பதிவாக வேண்டும், அவ்வளவுதான். சொல்லப்போனால் சொத்துச் சேதமானாலும் போலீசுக்கும் தன் இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் தகவல் கொடுப்பது அந்த டிரைவரின் சட்டக் கடமை, மோட்டார் வாகனச் சட்டத்தின் பிரிவு 134. நீ அவருக்குத் துரோகம் செய்வதாக நினைக்காதே.

காரை எங்கே நிறுத்தியிருந்தாய் என்பதை மட்டும் எனக்கு உண்மையாகச் சொல். கேட்டுக்கு வெளியே ஓரமாக என்றாய். அங்கே நோ பார்க்கிங் போர்டோ, திருப்பமோ இருந்தால் "உங்கள் மேலும் தப்பு இருக்கிறது" என்று தொகையைக் குறைக்கப் பார்ப்பார்கள். இல்லையென்றால் தெரு அகலமும் கார் நின்ற ஓரமும் சேர்ந்து தெரிகிற மாதிரி ஒரு போட்டோ எடுத்து வை.

அப்புறம் ஓனரோடு பேசு, டிரைவரோடு அல்ல. கோபப்படாமல் எஸ்டிமேட்டையும் ரசீதையும் காட்டு. லாரி ஒரு நாள் நின்றால் அவருக்குத்தான் நஷ்டம், அதனால் அவரே ஒர்க்‌ஷாப்புக்கு நேரடியாகக் கட்டிவிட வாய்ப்பு அதிகம், நான் செக்‌ஷனில் அப்படி நிறையப் பார்த்திருக்கிறேன். முழுப் பில்லும் கட்டின பிறகு மட்டும், வாங்கிய தொகையைக் குறிப்பிட்டு ரசீது கொடு, அப்போது உன் கம்பெனியிடம் ஒரு பைசாவும் கேட்காதே. ஒரே சேதத்துக்கு இரண்டு பக்கம் வாங்குவது தப்பு.

அவர் இழுத்தடித்தால் உன் பாலிசியில் கிளைம் போட்டு வண்டியைச் சரிசெய்துகொள். கையிலிருந்து போன தேய்மானத்தையும் கழிவையும் மோட்டார் விபத்துத் தீர்ப்பாயத்தில் கேட்கலாம், சென்னையில் அது ஹைகோர்ட் வளாகத்து சிறு வழக்குகள் நீதிமன்றத்தில் நடக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தம் அதற்கு ஆறு மாதக் கெடு வைத்திருக்கிறது, கடைசி நாள் வரை போகாதே. 13,000-க்காக வருஷக்கணக்கில் அலைவதா என்று கேட்டால், எனக்கும் மனசில்லை. ஓனரிடமே முடிந்துவிட வேண்டும் என்றுதான் வேண்டிக்கொண்டிருக்கிறேன்.

டிரைவர் சாயங்காலம் வந்தால் அப்பாவுக்கு ஃபோன் போட்டுக் கொடு, அவர் மரியாதையாகத்தான் பேசுவார். ஓனர் நம்பரை மட்டும் வாங்கிக்கொண்டு, காசை வாங்காமல், டீ கொடுத்து அனுப்பு. உன் பாலிசியை முழுசாக வாட்ஸ்அப்பில் அனுப்பு, முதல் பக்கத்தை மட்டும் இல்லை, ஆட்-ஆன் பக்கமும் வேண்டும். பம்பர் டு பம்பரும் என்.சி.பி. பாதுகாப்பும் இருக்கிறதா என்று நானே பார்த்துச் சொல்கிறேன்.

அம்மா