யுவர்செல்ஃபா, யுவர்செல்வ்ஸா?

அன்புள்ள கயலுக்கு,

நானும் அப்பாவும் சுகம். லீவு கேட்டு உன் வார்டு மேனேஜருக்கு நீ எழுதி வைத்திருக்கும் மெயிலைப் படித்தேன். நன்றாகத்தான் இருக்கிறது. கடைசி வரியை மட்டும் மாற்றிவிட்டு அனுப்பு. தேதியை 'நீங்களே பார்த்து முடிவு செய்யுங்கள்' என்பதற்கு 'யுவர்செல்வ்ஸ்' போட்டிருக்கிறாய். அந்த அம்மா ஒரே ஆள்தானே? யுவர்செல்ஃப் போதும்.

நம் ஊரில் நன்றாகப் படித்தவர்களும் சறுக்குகிற இடம் இது. மரியாதைக்குரியவர் ஒருவரே ஆனாலும் நமக்கு 'நீங்கள்', 'உங்களை'. அந்தப் பழக்கத்திலேயே இங்கிலீஷிலும் பன்மை வந்து விழுந்துவிடுகிறது. ஹெட்மாஸ்டருக்கு வரும் லீவு லெட்டர்களில் இதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். ஒருவரானாலும் ஒரு கூட்டமானாலும் இங்கிலீஷ்காரர்களுக்கு 'யூ' ஒன்றுதான். இன்றைய எழுத்து இங்கிலீஷில் அது ஒருமையா பன்மையா என்று வடிவத்திலேயே தெரிவது இந்த ஒரு ஜோடியில்தான். ஆகவே மரியாதையைப் பார்க்காதே, தலையை எண்ணு. சூப்பிரண்டென்ட் ஆனாலும் யுவர்செல்ஃப்தான்.

தெம்செல்ஃப் என்று அடித்தால் கம்ப்யூட்டர் சிவப்புக் கோடு போடுகிறது என்றாயே, போடட்டும். 14ஆம் நூற்றாண்டிலேயே இருந்த சொல் அது. 16ஆம் நூற்றாண்டில் தெம்செல்வ்ஸ் வந்து அதை ஓரங்கட்டியது. இப்போது ஒருவரையே 'தே' என்று சொல்லும் வழக்கத்தோடு அதுவும் திரும்பி வந்திருக்கிறது. நம் 'அவர்' ஆண், பெண் சொல்லாமல் நிற்கிறதே, அந்த வேலைதான். உன் மேற்படிப்புக் கட்டுரைகளுக்குச் சொல்கிற ஏபிஏ கையேடு, அதாவது அமெரிக்க உளவியல் சங்கத்தின் எழுத்துமுறைக் கையேடு, 2019இல் வந்த ஏழாம் பதிப்பில் தெம்செல்ஃப், தெம்செல்வ்ஸ் இரண்டையும் ஏற்கிறது. பழைய டீச்சரான எனக்கு இன்னும் காதில் இடிக்கிறது. அதற்காகத் தப்பு என்று சொல்ல மாட்டேன்.

நீ உண்மையில் கவனமாக இருக்க வேண்டியது நோயாளிக் குறிப்பில். பாத்ரூமில் வழுக்கி விழுந்தவரை 'ஹர்ட் ஹிம்செல்ஃப்' என்றால் அடிபட்டுக்கொண்டார் என்று எடுத்துக்கொள்வார்கள். அதையே 'ஹார்ம்ட் ஹிம்செல்ஃப்' என்று எழுதிவிட்டால் கதையே வேறு. வேண்டுமென்றே செய்துகொண்டார் என்றுதான் அடுத்த ஷிஃப்ட்காரர் படிப்பார். மனநல டாக்டரைக் கூப்பிடுகிற அளவுக்குக்கூடப் போகலாம். எதற்கு வம்பு? 'பாத்ரூமில் விழுந்தார், இடது முழங்கையில் சிராய்ப்பு' என்று நடந்ததை எழுதிவிடு. அப்புறம், இரண்டு பேர் ஒருவரையொருவர் அடித்துக்கொண்டால் அது 'ஈச் அதர்'. தெம்செல்வ்ஸ் போட்டால் அவரவர் தன்னைத்தானே அடித்துக்கொண்டதாகவும் படிக்க இடமிருக்கிறது.

லீட்ஸ் தாத்தா ஒருவர் சட்டையை மாட்டிவிடப் போனால் 'மிஸ்ஸென்', 'மிஸ்ஸென்' என்று கையைத் தட்டிவிடுகிறார் என்று போனில் சொன்னாயே, அவர் சொல்வது மைசெல்ஃப். 'நானே போட்டுக்கொள்கிறேன்' என்கிறார். லீட்ஸ் யார்க்ஷயரில்தானே இருக்கிறது. யார்க்‌ஷயர்ப் பேச்சில் செல்ஃபுக்குப் பதில் 'சென்'. 'திஸ்ஸென்' என்றால் நீயே, 'ஹிஸ்ஸென்' என்றால் அவரே. ஹிஸ்செல்ஃப் என்று சொல்கிறவர்களும் அங்கே உண்டு. கேட்டுச் சிரித்துவிடாதே. மைசெல்ஃப், யுவர்செல்ஃப் என்று வரும்போது ஹிஸ்செல்ஃப் வந்தால் என்ன என்று கேட்டால் நியாயமான கேள்விதான். பள்ளிக்கூட இங்கிலீஷ் ஹிம்செல்ஃபைப் பிடித்துக்கொண்டது, அவ்வளவுதான். சட்டையைத் தாத்தாவே மாட்டிக்கொள்ளட்டும். பட்டன் போட அவர் கூப்பிட்டால் உதவு. நோட்டில் மட்டும் 'டிரெஸ்ட் ஹிம்செல்ஃப்' என்று எழுதிவிடு.

அன்புடன்,
அம்மா